டீலருங்ககிட்ட விக்கிற ஷோ எல்லாம் செட்டப்பா?

கேள்வி: ஜெர்மனி வந்ததுலேருந்து மதியம் இசட்டிஎஃப் சேனல்ல பாரஸ் ஃபியூர் ராரஸ் (பழைய பொருள எக்ஸ்பர்ட்கிட்ட காட்டிட்டு டீலருங்ககிட்ட விக்கிற ஷோ) போட்டா எந்திரிக்கவே மனசு வரல, ஆனா ஒரு டவுட்டு, எக்ஸ்பர்ட் ஒரு விலை சொல்றாங்க, உள்ள போனா டீலருங்க அதுல பாதிக்கும் கம்மியா ஆரம்பிக்கிறாங்க, ஏன் இப்படி?

பதில்: எக்ஸ்பர்ட் சொன்ன விலை டீலருங்களுக்குத் தெரியாதுங்க. சொந்தக் காசு போட்டு வாங்குறாங்க, அப்புறம் வித்து லாபம் பாக்கணும்ல. 2019ல ஒரு வைரம் பதிச்ச பழைய சிலுவை 42,000 யூரோவுக்குப் போச்சு, அதுவே எக்ஸ்பர்ட் சொன்னதுக்கு ரொம்பக் கீழ.

பதில்: பிரிட்டன் ஐடிவி சேனல்ல 2006ல ஆரம்பிச்ச, இதே மாதிரி ஷோ டிக்கின்சன்ஸ் ரியல் டீல் பாத்திருக்கீங்களா? டீலர் நோட்டை ஒண்ணொண்ணா டேபிள் மேல வெச்சு ஆசை காட்டுவாரு, பாக்குற நமக்கே கை பரபரக்கும். வேணாம்னா ஏலத்துக்குப் போலாம், ஆனா அங்க விலை ஏறலன்னா கைக்கு வந்த காசும் போச்சு. எனக்கு அந்த டென்ஷன்தான் புடிக்கும், பொருள் எல்லாம் ரெண்டாம்பட்சம்.

கேள்வி கேட்டவர்: அப்ப பாரஸ் ஃபியூர் ராரஸ் நடத்துற ஹார்ஸ்ட் லிக்டர் மீசைய நம்பலாம்ங்கிறீங்க 😄