தனிப்பட்ட பொறுப்பு, வணிகப் பொறுப்பு: கலைச்சொல் வேண்டுகோள்

குழுவினருக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரச் சிறு வணிகர்களுக்கான கையேடு ஒன்றை வரும் வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தர வேண்டும். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் பணம் தருமாறு ஆணை பிறந்தால், அதைத் தர வேண்டியவர் கடைக்காரரா, அவருடைய நிறுவனமா என்பதே கையேட்டின் மையம். 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் எழுத்தில் இசைந்தால் 30,000 வெள்ளி வரையிலும் விசாரிக்கும் அம்மன்றத்தில் வழக்கறிஞர் வாதாட இடமில்லை. ஆகையால் கடைக்காரர் தாமே படித்துப் புரிந்துகொண்டாக வேண்டும். ‘பர்சனல் லயபிலிட்டி’, ‘பிசினஸ் லயபிலிட்டி’ ஆகியவற்றுக்குத் ‘தனிப்பட்ட பொறுப்பு’, ‘வணிகப் பொறுப்பு’ என எழுதியிருக்கிறேன். மனம் நிறையவில்லை.

மொழிபெயர்ப்பாளர், ஈசூன்

அன்புடையீர்,

‘பொறுப்பு’ பொறுத்தலில் பிறந்த சொல். சுமப்பதைச் சொல்லும், செலுத்துவதைச் சொல்லாது. ‘கடப்பாடு’ பொருந்துமா என்றால், வள்ளுவர் (குறள் 211) அதைக் கைம்மாறு கருதாத மழையோடு சேர்த்துவிட்டார். மன்ற ஆணைக்கு அஞ்சிப் பணம் கட்டுபவரை அவ்வரிசையில் வைக்க எனக்கு ஒப்பவில்லை. புறநானூற்றின் 312ஆம் பாடலில் வரும் ‘என்றலைக் கடனே’ (என் + தலை + கடனே) என்பதை நோக்குக. அங்குள்ள ‘தலை’, நன்னூலார் இடப்பொருளுருபுகளுள் வைத்த ‘தலை’ என்றே கொள்கிறேன். என்னிடத்துள்ள கடன் என்பது பொருள். எனவே ‘தன்றலைக்கடன்’ என்போம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அங் மோ கியோ

ஐயா,

‘தன்றலைக்கடன்’ என்று அச்சிட்டால் அடகுக்கடை விளம்பரம் என்றே எண்ணுவர். இங்கே பிழை ‘பொறுப்பில்’ இல்லை, ‘வணிகத்தில்’ இருக்கிறது. தனியுரிமையாளரின் கடை, வணிகங்களைப் பதிவு செய்யும் ஆணையமான அக்ராவில் பதிவாகியிருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அவரிலிருந்து வேறான ஆளன்று. கடை பட்ட கடனுக்கு அவருடைய சொந்த வங்கிக் கணக்கும் தப்பாது. சாதாரணக் கூட்டு வணிகத்தின் பங்காளிகளுக்கும் ஏறத்தாழ அதே நிலைதான். பிரைவேட் லிமிடெட் கம்பெனியோ உரிமையாளரிலிருந்து வேறான தனி ஆள்: 1897இல் சாலமன் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை உறுதிசெய்த கொள்கை அது. இயக்குநர் தாமே உத்தரவாதக் கையொப்பம் இட்டிருந்தால் கதை வேறு. ‘வணிகப் பொறுப்பு’ என்று படிக்கும் தனியுரிமையாளர், கடன் கடையோடு நின்றுவிடும் என்று நம்பி ஏமாறுவார். வழக்குத் தொடுப்பவரும் யார் பெயரை எதிர்த்தரப்பாக எழுதுவது என்று தடுமாறுவார். ‘சொந்தப் பொறுப்பு’, ‘கம்பெனிப் பொறுப்பு’ என்று எழுதலாமே?

கணக்காய்வாளர், ஜூரோங்

‘சொந்தப் பொறுப்பு’ என்றதும், பொருள் தொலைந்தால் நாங்கள் பொறுப்பல்லர் என்னும் அறிவிப்புப் பலகைதான் நினைவுக்கு வருகிறது. ‘கம்பெனி’ குறித்து ஆசிரியர் சினங்கொள்ள வேண்டாம். நம் முன்னோர் அதைக் ‘கும்பினி’ என்று எப்போதோ தமிழாக்கிவிட்டனர். ‘கும்பினிப் பொறுப்பு’ என்று எழுதினால் கிழக்கிந்தியக் கும்பினியார் வந்து கட்டுவர்.

கல்லூரி விரிவுரையாளர், தெம்பனிஸ்

அனைவருக்கும் நன்றி. மறுமொழி தந்தவர்களுள் பலர் ஜூரோங் அன்பரின் இணைச்சொற்களையே ஏற்றிருப்பதால் அவற்றையே எழுதுகிறேன். முதல் பக்கத்தில், ‘சொந்தப் பொறுப்பு: கடையின் கடனை உரிமையாளர் தம் சொந்தப் பணத்திலிருந்தும் கட்ட வேண்டிய நிலை’ என்ற விளக்கம் இருக்கும்.

மொழிபெயர்ப்பாளர், ஈசூன்

நான் உடன்படவில்லை என்பதைப் பதிவு செய்க. அன்றியும், ‘கம்பெனி’ என்னும் அயற்சொல்லை ஏற்ற பின், அதன்முன் (‘கம்பெனிப்’ என) வல்லினம் மிகும் விதியை மட்டும் காப்பாற்றுவது எந்த நியாயத்தில் என்று ஜூரோங் அன்பர் விளக்குவாராக.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அங் மோ கியோ