மூன்று துறையினர் சேர்ந்து எழுதும் கட்டுரை: பெயர் வரிசையும் மேற்கோளும்

கேள்வி: ஏழு_பெயர்

கணிதம், மூலக்கூறு உயிரியல், கணினி அறிவியல் மூன்றும் கலந்த கட்டுரை ஒன்று முடியும் நிலையில் இருக்கிறது. ஏழு பேர். போவது உயிரியல் ஆய்விதழுக்கு. கணிதக்காரர்கள் அகரவரிசைதான் முறை என்கிறார்கள். உயிரியல் தரப்பு, சோதனை செய்த மாணவர் முதலில், ஆய்வகத் தலைவர் கடைசியில் என்கிறது. கணினித் தரப்பு இரண்டு பேருக்கு நட்சத்திரக் குறி போட்டு ‘சம பங்களிப்பு’ என்று முடிக்கச் சொல்கிறது. இதற்கெல்லாம் பொது விதி உண்டா? மாதிரிகளைத் தயாரித்த டெக்னீஷியனும் நிதி வாங்கித் தந்த பேராசிரியரும் ஆசிரியர்களா? மேற்கோள் காட்டுவதிலும் ஆளுக்கு ஒரு பழக்கம், எதைப் பின்பற்றுவது?

நுண்ணோக்கி

வரிசைக்குப் பொது விதி கிடையாது. யார் ஆசிரியர் என்பதற்கு, கட்டுரை போகும் இதழின் விதிதான் விதி. உயிரியல், மருத்துவ இதழ்களில் பெரும்பாலானவை ஐ.சி.எம்.ஜே.இ. (மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு) வகுத்த நான்கு நிபந்தனைகளை ஒட்டியே நடக்கின்றன: ஆய்வின் வடிவமைப்பிலோ, தரவைத் திரட்டுவதிலோ, பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, எழுதியது அல்லது அறிவார்ந்த முறையில் திருத்தியது, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கேள்வி எழுந்தால் பதில் சொல்லும் பொறுப்பு. நான்காவது 2013-ல் சேர்ந்தது. நான்கும் இருக்க வேண்டும்.

நிதி வாங்கித் தந்தது மட்டும், குழுவைப் பொதுவாக மேற்பார்த்தது மட்டும், மொழி திருத்தியது மட்டும் என்றால் இடம் நன்றியுரையில். அங்கே பெயர் போடவும் அவருடைய எழுத்துபூர்வ சம்மதம் வாங்கிவிடுங்கள். கட்டுரையின் முடிவுகளை அவர் ஏற்றதாக வாசகர் நினைக்க இடமுண்டு.

டெக்னீஷியன் விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். சொன்னபடி மாதிரி எடுத்தார் என்றால் நன்றியுரை போதும். நெறிமுறையை மாற்றியமைத்து அதனால்தான் தரவே கிடைத்தது என்றால் முதல் நிபந்தனை நிறைவேறிவிட்டது. அதன்பின் வரைவையே அவருக்குக் காட்டாமல் வைத்துக்கொண்டு, ‘இரண்டாவது நிபந்தனை இல்லையே’ என்று கழித்துவிடுவது அந்த விதியைத் தலைகீழாகப் பிடிப்பது. முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு வரைவை எழுதவோ திருத்தவோ, இறுதி ஒப்புதல் தரவோ வாய்ப்புத் தர வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது.

எப்சிலான்

கணிதத் தரப்பு வீம்புக்குச் சொல்லவில்லை. அங்கே ஒரு தேற்றத்தில் யார் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது என்பதே நம்பிக்கை; சேர்ந்தே எழுதிவந்த கணித மேதைகள் ஹார்டியும் லிட்டில்வுட்டும் ஒருவர் எதுவுமே செய்யாவிட்டாலும் இருவர் பெயரும் வரும் என்றே ஒப்பந்தம் வைத்திருந்ததாகச் சொல்வார்கள். பொருளியலிலும் பெரும்பாலும் அகரவரிசைதான். துகள் இயற்பியலில் வேறு வழியே இல்லை: செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ், சி.எம்.எஸ். குழுக்கள் 2015-ல் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயரும் நிறுவனமும்.

ஆனால் உங்கள் கட்டுரைக்கு அகரவரிசை வேண்டாம் என்பது என் கருத்து. உயிரியல் இதழில் வரும் பட்டியலை உயிரியல்காரர் கண்ணோடுதான் படிப்பார்கள். கடைசிப் பெயர் யாருடையதோ அவர்தான் ஆய்வகத் தலைவர் என்று எடுத்துக்கொள்வார்கள், அவர் முதலாண்டு மாணவராக இருந்தாலும். அகரவரிசை தன்னளவில் நடுநிலையானதும் அல்ல. அமெரிக்காவின் முன்னணிப் பொருளியல் துறைகளில், குடும்பப் பெயர் அகரவரிசையில் முன்னால் வருபவர்களுக்கு நிரந்தரப் பணி வாய்ப்பு கூடுதல் என்று 2006-ல் ஓர் ஆய்வு காட்டியது. அகரவரிசை வழக்கம் இல்லாத உளவியலில் அப்படித் தெரியவில்லை.

உயிரியல் வரிசையையே வையுங்கள். கணிதக்காரர்களின் பங்கைப் பங்களிப்புக் குறிப்பில் தெளிவாக எழுதுங்கள். யார் என்ன செய்தார் என்று குறிக்க இதழ்கள் பயன்படுத்தும் கிரெடிட் வகைப்பாட்டில் 14 பங்குகள் இருக்கின்றன: கருத்துருவாக்கம், முறையியல், மென்பொருள், சரிபார்ப்பு, முதல் வரைவு என்று போகும். தேற்றத்தை நிறுவியதற்கென்று அதில் தனிப் பெட்டி இல்லை. ‘முறையியல்’, ‘முறைசார் பகுப்பாய்வு’ இரண்டிலும் குறித்துவிட்டு, ‘துணை இணைப்பிலுள்ள நிறுவல் இன்னாருடையது’ என்று ஒரு வாக்கியமும் சேருங்கள்.

நுண்ணோக்கி

ஒரு சேர்க்கை: அந்த 14-ல் ‘நிதி பெறுதல்’ என்றும் ஒன்று உண்டு. அதைக் காட்டி ‘என் பங்கும் பட்டியலில் இருக்கிறதே, நானும் ஆசிரியர்தான்’ என்பார்கள். கிரெடிட் யார் என்ன செய்தார் என்று மட்டுமே சொல்கிறது; யார் ஆசிரியர் என்று அது முடிவு செய்வதில்லை.

அடிக்குறிப்பு

மேற்கோள் பற்றி. வடிவத்தை இதழ் தீர்மானிக்கும், அதில் சண்டை வேண்டாம். எதை, எவ்வளவு துல்லியமாகச் சுட்டுவது என்பதில்தான் துறைகள் பிரிகின்றன.

கணிதத்தில் கட்டுரையைச் சுட்டினால் போதாது. தேற்ற எண் வேண்டும். இங்கே ஒரு பொறி: ஆர்க்கைவில் (அச்சுக்கு முந்தைய கட்டுரைகளை ஏற்றும் இணையதளம்) முதல் பதிப்பில் ‘தேற்றம் 3.2’ ஆக இருந்தது, திருத்திய பதிப்பில் 3.4 ஆகியிருக்கும், அச்சில் வேறு எண் வரும். எண்ணைச் சொன்னால் எந்தப் பதிப்பு என்பதையும் சொல்லுங்கள். அச்சில் வந்துவிட்டதென்றால் அதையே சுட்டி, எண்ணை அதிலிருந்தே எடுங்கள்.

உயிரியலில் அடிக்கடி நடப்பது, மூலச் சோதனையை விட்டுவிட்டு ஒரு மீள்பார்வைக் கட்டுரையைச் சுட்டுவது. மீள்பார்வையில் ஒரு வரியாகச் சுருங்கியது மூலத்தில் நாலு நிபந்தனையோடு இருக்கும். பின்னணி சொல்ல மீள்பார்வை சரி. ஓர் எண்ணையோ முடிவையோ தாங்குவதற்கு மூலமே வேண்டும்.

கணினித் தரப்புக்கு: தரவுத்தொகுப்புக்கும் நிரலுக்கும் தனி மேற்கோள் கொடுங்கள். தரவையும் நிரலையும் சேமித்து வைக்கும் ஜெனோடோ தளம் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு டி.ஓ.ஐ. (நிரந்தர அடையாள எண்), எல்லாப் பதிப்புக்கும் சேர்த்து ஒன்று என இருவகை தருகிறது. முடிவுகளை மறுபடி உருவாக்க வேண்டுமென்றால் நீங்கள் ஓட்டிய பதிப்பின் டி.ஓ.ஐ.தான் உதவும்.

அனுப்புமுன் பட்டியலை ஜோடெரோ என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளில் ஏற்றுங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை இருந்தால் எச்சரிக்கும். மேற்கோள் பட்டியலை அமைக்க பிப்டெக் கருவியைப் பயன்படுத்தினால் குழுப் பெயரை இரட்டை வளைவு அடைப்புக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் ‘அட்லஸ் கொலாபரேஷன்’ என்பதை ஓர் ஆள் பெயராக எடுத்து ‘கொலாபரேஷன், ஏ.’ என்று அச்சடிக்கும். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ரிவியூவருக்கு அல்ல.

ஏழு_பெயர்

நன்றி. இரண்டு சந்தேகம். நட்சத்திரக் குறி உண்மையில் பயன்படுமா? அனுப்பிய பிறகு ஒரு பெயர் சேர்க்கலாமா? கணிதத் தோழருக்கு இன்னொரு கவலை: உயிரியல்காரர்களின் மேற்கோள் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் தன்னுடையது சொற்பமாகத் தெரிகிறது என்கிறார்.

எப்சிலான்

நட்சத்திரக் குறி கட்டுரையின் முதல் பக்கத்தோடு சரி. யாராவது உங்களை மேற்கோள் காட்டும்போது அது உடன் வராது. உரையில் முதல் பெயரும் ‘மற்றும் பிறரும்’தான். தன்விவரத்தில் அந்தக் குறியை அவரவரே எழுதிக்கொள்ள வேண்டும். ஏழு பேர் என்பதால் இன்னொன்று: பல மருத்துவ இதழ்களின் பட்டியலில் முதல் ஆறு பெயரோடு ‘மற்றும் பிறர்’ வந்துவிடும். ஏழாவதாக நிற்கும் ஆய்வகத் தலைவர் பெயர் அச்சில் காணாமல் போகும்! ஆனால் எண்ணிக்கையில் குறையாது. தரவுத்தளங்கள் கட்டுரையை டி.ஓ.ஐ. வழியாகப் பொருத்திக்கொள்கின்றன.

பெயர் சேர்ப்பது முடியும், ஆனால் காரணமும், சேர்க்கப்படுபவர் உட்பட எல்லோருடைய கையெழுத்தும் கேட்பார்கள். நீக்குவதற்கும் அதுவே, நீக்கப்படுபவர் கையெழுத்தும் சேர்த்து. ஒருவர் பதிலே போடாமல் இருந்தால் கட்டுரை மாதக்கணக்கில் நிற்கும். ஏழு பேரும் இப்போதே ஒரு மின்னஞ்சலில் வரிசைக்கு ‘சம்மதம்’ என்று பதில் போடட்டும். திருத்தத்தின்போது புதுச் சோதனை கேட்டால், அதைச் செய்பவர் பெயர் எங்கே வரும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

அடிக்குறிப்பு

எண்ணிக்கையைத் துறை தாண்டி ஒப்பிடவே கூடாது. கணிதக் கட்டுரையின் மேற்கோள் பட்டியல் குட்டையானது, மேற்கோள்களும் தாமதமாக வந்து பல வருடம் தொடரும். ஓர் இதழின் கட்டுரைகளுக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் என்று சொல்லும் வழக்கமான தாக்கக் காரணி முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளை மட்டும் பார்ப்பதால் அந்த மெதுவான பகுதி அதில் விழுவதே இல்லை. உயிரியலுக்குள்ளேயே பாருங்கள்: புரத அளவை அளக்கும் முறை பற்றிய 1951-ம் ஆண்டு லௌரி கட்டுரைக்கு 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள். டி.என்.ஏ. இரட்டைச் சுருளைச் சொன்ன 1953-ம் ஆண்டுக் கட்டுரை அதன் பக்கத்தில்கூட வராது. 2005-ல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த எச்-குறியீடும் (அது 10 என்றால், தலா 10 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 10 உண்டு என்று பொருள்) ஆசிரியர் எண்ணிக்கையையோ வரிசையையோ கணக்கில் எடுப்பதில்லை.

பதவி உயர்வு விண்ணப்பத்தில் அவர் துறை, ஆண்டு வாரியாகச் சீராக்கிய மதிப்பைக் கொடுக்கட்டும்: அதே ஆண்டு, அதே துறைக் கட்டுரைகளின் சராசரி 1 என்றால் இவருடையது எத்தனை என்று. ஒருசில கட்டுரைகளை மட்டும் வைத்து அதைக் கணக்கிட்டால் ஒரே ஒரு கட்டுரை மொத்தத்தையும் தூக்கிவிடும். அதனால் சராசரியோடு, எத்தனை கட்டுரைகள் துறையின் முதல் 10 சதவீதத்தில் வருகின்றன என்பதையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். இந்தக் கூட்டுக் கட்டுரையைத் தரவுத்தளம் இதழை வைத்து உயிரியலில்தான் சேர்க்கும்; சராசரியைக் கணக்கிடும்போது அதைத் தனியே எடுத்து வைக்கட்டும்.