வகுப்பறைக்கு இணையக் கருவிகள்: மாணவர் பக்கமிருந்து திறந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பள்ளி நூலகர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியில் புதிதாக எந்த இணையக் கருவி வந்தாலும் "நூலகர்கிட்ட குடுங்க, பார்த்துச் சொல்லட்டும்" என்று என் மேசைக்கு வந்துவிடும். குறையாகச் சொல்லவில்லை, பிடித்துத்தான் செய்கிறேன்.

என் வழக்கம் ஒன்றுதான். ஆசிரியர் கணக்கில் எல்லாம் தயார் செய்துவிட்டு, மாணவருக்குப் போகிற இணைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, நூலகத்திலேயே மெதுவான கணினியில் உட்கார்ந்து திறப்பேன். எந்தக் கணக்கிலும் நுழைய மாட்டேன். விளம்பரக் காணொளிகள் காட்டுவது ஆசிரியர் திரையை. பிள்ளைகள் பார்ப்பது வேறு திரை. மின்னஞ்சல் கேட்கிறதா, பிறந்த தேதி கேட்கிறதா, 13 வயதுக்குக் குறைந்தவர்களை வாசலிலேயே நிறுத்துகிறதா என்பதெல்லாம் அங்கே போனால்தான் தெரியும்.

பதிவுகளை ஒட்டி வைக்கும் இணையப் பலகையான பேட்லெட் இந்தச் சோதனையில் தேறியது. இணைப்பு இருந்தால் போதும், பிள்ளைக்குக் கணக்கு வேண்டாம். ஆசிரியர் ஒப்புதல் கொடுத்த பிறகே பதிவு தெரியும்படி வைக்கலாம். கணக்கில்லாமல் எழுதினால் பெயர் விழாது. மதிப்பெண் போட வேண்டிய ஆசிரியருக்கு அது தலைவலி. எனக்கோ அதுதான் வேண்டியிருந்தது. படித்த புத்தகத்தைப் பற்றி மூன்று வரி எழுதச் சொன்னபோது, "கடைசி அத்தியாயத்தைக் கிழிச்சுப் போட்டுடலாம்" என்று ஒரு பதிவு வந்தது. பெயர் போட்டிருந்தால் அந்தப் பிள்ளை "மிகவும் நன்றாக இருந்தது" என்றுதான் எழுதியிருக்கும். அப்படி என்னதான் இருக்கிறது அந்த முடிவில் என்று பார்க்க, அதே புத்தகத்தைக் கேட்டு நாலைந்து பேர் வந்து நின்றார்கள்.

உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்.

கணித ஆசிரியை

பிள்ளைகள் கையில் கருவியே இல்லாத வகுப்பு என்னுடையது. அதனால் பிளிக்கர்ஸ் என்ற வினாடி வினாக் கருவி. ஆளுக்கொரு அச்சிட்ட அட்டை, அதில் சதுரமாக ஒரு குறி. நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் இருக்கும். தன் விடை எதுவோ அந்தப் பக்கம் மேலே வரும்படி அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நான் என் கைபேசியை வகுப்பின் மேல் மெல்ல ஓட்டினால் எல்லார் விடையும் பதிவாகிவிடும். ஒவ்வொரு அட்டையின் குறியும் வேறு என்பதால் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத் திருப்பி வைக்க முடியாது.

இரண்டு சங்கதி மட்டும் கவனிக்கணும். விரல் குறியின் மேல் படக் கூடாது. பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம், விளக்கு வெளிச்சம் அடித்தால் கேமரா குறியைப் படிக்காது.

இன்னொரு பள்ளியின் நூலகர்

எனக்கு வந்தது கொஞ்சம் வேறு மாதிரி. ஒரு மாணவி கடல்வாழ் உயிரினங்கள் பற்றிய திட்டப்பணிக்குப் புத்தகப் பட்டியலோடு வந்தாள். ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஆண்டு, ஐ.எஸ்.பி.என் (புத்தகத்தின் அடையாள எண்) எல்லாம் சுத்தமாக இருந்தது. எங்கள் நூலக அட்டவணையில் ஒன்றுகூட இல்லை. பல நாட்டு நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட்டில் தேடினேன், இணைய நூலகமான ஓப்பன் லைப்ரரியில் தேடினேன். ஆசிரியர்களில் சிலர் நிஜமான ஆட்கள். அந்தத் தலைப்பில் அவர்கள் எழுதியதாக எதுவும் அகப்படவில்லை. கேட்டால், செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவி கொடுத்த பட்டியலாம்.

அவளை என்ன சொல்ல? அவள் பக்கமிருந்து பார்த்தால் என் அட்டவணையும் அந்த அரட்டைத் திரையும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. இரண்டிலும் கேள்வி போட்டால் பட்டியல் வரும்.

இப்போது எந்தப் பட்டியல் வந்தாலும் அந்தப் பக்கத்தையே முறைத்துக்கொண்டிருக்காமல், வேறு தாவல் திறந்து வெளியே விசாரிக்கச் சொல்கிறேன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் எழுதிய ஆய்வில், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் இப்படித்தான் செய்தார்கள். வரலாற்றுப் பேராசிரியர்களே பக்கத்தின் அழகில் ஏமாந்தார்கள் என்றும் அதில் வருகிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் ஒரே குஷி.

கணித ஆசிரியை

ஐ.எஸ்.பி.என் என்றதும் கை பரபரக்கிறது! 13 இலக்கத்தையும் வரிசையாக 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டச் சொல்லுங்கள். கூட்டுத்தொகை பத்தால் மீதியின்றி வகுபடணும். வகுபடவில்லை என்றால் எண்ணே தப்பு. வாய்க்கு வந்தபடி போட்ட எண்ணிலும் பத்துக்கு ஒன்று தேறிவிடும், அதனால் தேறியது எல்லாம் நிஜப் புத்தகம் என்று நம்பிவிடக் கூடாது. வகுத்தல் பாடத்துக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

மொழி ஆசிரியர்

நான் முதலில் கேட்பது, போட்டதைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறதா என்று. ஜாம்போர்ட் என்ற இணைய வெண்பலகையை 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு கூகுள் நிறுத்தியது. பிள்ளைகள் பேசிப் பதிவுசெய்த ஃப்ளிப் என்ற காணொளிக் கருவி, அதே ஆண்டு ஜூலையில் தனிச் செயலியாக இல்லாமல் போனது. பருவம் முடிந்ததும் எல்லாவற்றையும் கோப்பாக இறக்கி வைத்துவிடுங்கள். பேட்லெட் பலகையை பி.டி.எஃப் ஆக இறக்கலாம்.

சிறப்புக் கல்வி ஆசிரியை

நூலகர் சார், மாணவர் பக்கமிருந்து பார்க்கிறேன் என்கிறீர்கள். எந்த மாணவர்?

என்னிடம் பார்வைக் குறைபாடுள்ள ஒரு பையன் படிக்கிறான். என்.வி.டி.ஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) வைத்துக்கொண்டு விசைப்பலகையிலேயே எல்லாம் செய்வான், வேகமும் அதிகம். ஒருநாள் சொற்களை இழுத்துக்கொண்டுபோய்ப் பொருத்தும் வினாடி வினா வந்தது. திரைவாசிப்பான் "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. விடை எல்லாம் அவனுக்குத் தெரியும். வைக்கத்தான் வழியில்லை.

கஹூட் என்ற வினாடி வினாக் கருவியில் விடைகளுக்கு நிறத்தோடு முக்கோணம், வட்டம் என வடிவமும் இருப்பதால், நிறம் பிரித்தறிய முடியாத பிள்ளை சமாளித்துக்கொள்ளும். ஒரு கருவி வந்ததும் மவுஸைக் கழற்றிவிட்டு, டேப் விசையையும் என்டரையும் மட்டும் வைத்துக் கடைசிவரை போக முடிகிறதா பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

பள்ளி நூலகர் (இழையைத் தொடங்கியவர்)

மேடம், எட்டாம் வகுப்புக்கு நேற்றுதான் இழுத்துப் பொருத்துகிற ஒன்றுக்கு "சரி" சொல்லி அனுப்பினேன். மவுஸைக் கழற்றிவிட்டு அதைத்தான் முதலில் திறக்கப் போகிறேன். உங்கள் பையனுக்குச் சரிப்பட்டு வந்த வினாடி வினாக் கருவி ஏதாவது இருந்தால் பெயரை இங்கேயே போடுங்கள்.