அட்டூ பவளத்தீவில் கடற்படைத் தளம் அமைத்தது ஏன்?

கேள்வி:
மாலத்தீவின் தென்கோடியில், நிலநடுக்கோட்டுக்குச் சற்றே தெற்கே உள்ள அட்டூவுக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். கன் தீவின் ஓடுதளம் இரண்டாம் உலகப்போரில் ஆங்கிலேயர் போட்டது என்றார்கள். ஆளுயரம்கூட எழும்பாத இந்தத் திட்டுகளில், திருகோணமலை போன்ற இயற்கைத் துறைமுகம் கையில் இருந்தபோதே, தளம் தேடியது ஏன்?

பதில் 1:
ஐயா, திட்டுகளை விட்டுவிட்டு நடுவிலுள்ள நீரைக் கவனியுங்கள். பவளப்பாறை வளையத்துக்குள் பெரிய போர்க்கப்பல்களும் நங்கூரமிடும் ஆழம் உண்டு. உள்ளே நுழைய நான்கு கால்வாய்களே உள்ளதால் காவல் எளிது. 1941இல் ‘போர்ட் டி’ என்ற மறைபெயரில் பணி தொடங்கியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், கொழும்பிலிருந்து ஏறத்தாழ 1,100 கி.மீ. தள்ளியிருந்த இவ்விடத்தின் மதிப்பு கூடியது. எல்லாவற்றையும்விட, இப்படியொரு தளம் இருப்பதே ஜப்பானியருக்குத் தெரியாது.

பதில் 2:
அந்தத் தொலைவு இருபுறமும் வெட்டியது. 1942 ஏப்ரல் 1 அளவில் ஜப்பானியத் தாக்குதல் வரும் என எதிர்பார்த்து இலங்கைக்குத் தெற்கே காத்திருந்த பிரிட்டிஷ் கிழக்குக் கடற்படைத் தளபதி சாமர்வில், பழைய போர்க்கப்பல்களில் நன்னீர் தீர்ந்துவந்ததால், எண்ணெயும் நீரும் நிரப்ப அட்டூவுக்குத் திரும்பினார். அவர் போய்ச் சேர்ந்த ஏப்ரல் 4 அன்றே, ஐந்து விமானந்தாங்கிகளுடன் வந்த ஜப்பானியப் படையை இலங்கையிலிருந்து சென்ற கட்டலினா என்ற கண்காணிப்பு விமானம் கண்டது. மறுநாள் கொழும்பும், 9ஆம் தேதி திருகோணமலையும் தாக்கப்பட்டன. டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரு பிரிட்டிஷ் குரூசர் வகைப் போர்க்கப்பல்களும், திருகோணமலையை விட்டு விலகிச் சென்ற ஹெர்மீஸ் விமானந்தாங்கியும் மூழ்கின. முதன்மைக் கடற்படை தப்பியது; ஆனால், எதிரியை எதிர்கொண்டிருந்தால் அதுவும் பிழைத்திருக்காது என்பதே என் கணிப்பு.

பதில் 3:
அட்டூவை அசைக்க முடியாத கோட்டையாக எண்ணிவிட வேண்டாம். 1944 மார்ச்சில் ஜெர்மானிய நீர்மூழ்கி யூ-183, வளையத்துக்கு வெளியிலேயே நின்று, தடுப்பு வலையின் இடைவெளி வழியே டார்பீடோவைச் செலுத்தி, உள்ளே நின்ற ‘பிரிட்டிஷ் லாயல்டி’ எண்ணெய்க் கப்பலைத் துளைத்தது. பாவம், 1942இல் மடகாஸ்கரிலும் டார்பீடோ வாங்கிய கப்பல் அது!

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பவளம் படர்ந்து கிடக்கும் அந்தக் கப்பலைப் பார்க்கத்தான் முக்குளிப்பவர்களைப் படகில் அழைத்துப் போகிறார்கள். வெறும் பழைய சரக்குக் கப்பல் என்று நினைத்து நான் கரையிலேயே இருந்துவிட்டேன்.