கோண்டாவில் வீடு (குழு): கஜனின் சைக்கிள் பை

[மாலை 6.10]

கஜன்: சின்னம்மா, வெள்ளி விடிய 5 மணிக்குப் பருத்தித்துறையில் நிற்கவேண்டும். பை எந்த மட்டில்?

பெரியம்மா: ஆர் போகிறது? எங்கே?

துஷி: அம்மா மேலே வாசியுங்கோ. இலங்கையின் தெற்கு முனை, தெய்வேந்திரமுனைக்குச் சைக்கிளில்.

பெரியம்மா: இந்த மார்கழி மழைக்கா?

அம்மா: எனக்கும் ஒருவரும் சொல்லவில்லை.

கஜன்: சொன்னேன் அம்மா. நீங்கள் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

சின்னம்மா: தம்பி, ஹாண்டிலில் கட்டுகிற பை முடிந்தது. பாருக்குக் கீழே வருகிற முக்கோணப் பைதான் பாதியில் நிற்கிறது. சைக்கிளைச் சுவரில் சாய்த்து, மட்டையைப் பிடித்துக் கோடு கீறி வெட்டியது சரி. ஆனால் சட்டத்தோடு ஒட்டி வெட்டக்கூடாது, சுற்றிவர ஒரு சென்ரிமீற்றர் குறைக்கவேண்டும். சாமான் போட்டதும் பை பருக்கும். முதல் தைத்ததற்கு 9 சென்ரிமீற்றர் அகலம் விட்டேன், நீ ஏறி மிதித்தபோது இரண்டு முழங்காலும் உரஞ்சியது. இப்போது 6. தண்ணீர்ப் போத்தலுக்கு இடம் போய்விட்டது, அதற்கு ஹாண்டிலுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கூடு தைக்கலாம்.

துஷி: 👍

ராசு மாமா: சுருக்கிச் சொல்லு தவம். இங்கே வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம்.

சின்னம்மா: சுருக்கித்தான் சொல்கிறேன் அண்ணா. பருத்தி நூல் சரிவராது, நனைந்து நனைந்து உக்கிவிடும். பொலியெஸ்டர் நூல், 18ஆம் நம்பர் ஊசி. கரைச்சல் என்னவென்றால், நைலோன் பட்டி வந்து சேருகிற மூலையில் கன்வஸ் இரண்டு மடிப்பு, தறப்பாள் ஒன்று, அதற்குமேல் பட்டி. என் புது மெசின் அந்த இடத்தில் உறுமிவிட்டு நின்றுவிடுகிறது. நேற்று மூன்று ஊசி முறிந்தது. பெரியக்கா வீட்டில் கிடக்கிற எங்கள் அம்மாவின் பழைய சிங்கர் மெசின் என்றால் கையால் சக்கரத்தைச் சுற்றியே இறக்கிவிடலாம்.

[மாலை 6.41]

பெரியம்மா: அதன் வார் அறுந்துபோய்க் கிடக்கிறது.

துஷி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கஜன்: பார்த்துவிட்டேன் துஷி 😂 மெசினுக்குமேல் ரீவியா?

ராசு மாமா: அந்த மெசின் 95இல் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது என் சைக்கிள் கரியரில்தான் நாவற்குழிப் பாலம் கடந்தது. ஒக்ரோபர் 30 இரவு. தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றி, ஹாண்டிலில் இரண்டு உரப்பை. ஒன்றில் அரிசி, மற்றதில் அம்மாவின் உடுப்பு. சனம் நகரவேயில்லை, மழை வேறு. அப்போது எந்தக் கன்வஸ், எந்தச் சிப்?

அம்மா: உரப்பை அவிழ்ந்து அரிசி கொட்டியதையும் சொல்லுங்கோ அண்ணா.

ராசு மாமா: அது நீ கட்டிய முடிச்சு.

சின்னம்மா: ஹாண்டிலில் பாரம் தூக்கினால் அப்படித்தான். தம்பி கேள், முன் பையில் சாரமும் துவாயும் மட்டும். ரியூப், சாவி, பம் எல்லாம் முக்கோணப் பையின் அடியில். முன்னுக்குப் பாரம் ஏறினால் ஹாண்டில் ஆடும். பிரேக் கம்பியையும் பை நெரிக்கக்கூடாது.

கஜன்: மழைக்குத் தாங்குமா?

சின்னம்மா: துணி தாங்கும். ஊசி போன ஓட்டையால் தண்ணீர் வரும். எல்லாவற்றையும் சொப்பிங் பாக்கில் சுற்றி வை. போனையும்.

பெரியம்மா: துஷியின் சாறிச் சட்டை நாலும் உன்னிடம்தான் கிடக்கிறது தவம். தை பிறந்ததும் கலியாணத் தாலிக்குப் பொன்னுருக்கு. சைக்கிளுக்கு உடுப்புத் தைக்க மட்டும் நேரம் இருக்கிறது.

சின்னம்மா: மெசினைத் தாருங்கோ அக்கா, இரண்டும் முடியும்.

ராசு மாமா: மெசின் எனக்கு என்று அம்மா சொன்னது ஒருவருக்கும் ஞாபகமில்லைப்போல.

பெரியம்மா: ரொறன்ரோவுக்கும் கரியரிலேயே கொண்டுபோ தம்பி.

அம்மா: 🤭

துஷி: பை என்ன நிறம்?

கஜன்: தறப்பாள் நீலம்.

துஷி: ஐயோ. மீன் சந்தை மாதிரி.

அம்மா: நல்லது. லொறிக்காரனுக்குத் தூரத்திலேயே தெரியும்.

[இரவு 7.20]

பெரியம்மா: ரீவியை இறக்க ஆள் வேண்டும். கஜன் நாளைக்கு வந்தால் பார்க்கலாம். ஒன்பதுக்கு முன்னம் வேண்டாம், நான் கோயிலில்.

கஜன்: ஒன்பதரை. ஓட்டோ பிடிக்கவா, கரியரில் கட்டவா?

ராசு மாமா: எதில் என்றாலும் முடிச்சை உன் அம்மா போடக்கூடாது.

சின்னம்மா: அக்கா, வார் உண்மையாக அறுந்ததா? நீளத்தைச் சொன்னால் வரும்போது வாங்கிவருவேன்.

சின்னம்மா: அக்கா?