ஊரடங்கும் எங்கள் குளத்தங்கரைப் போத்துகளும்

கஜா புயலில் (2018 நவம்பர் 16) விழுந்த தென்னைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பேராவூரணிப் பக்கம் ரோட்டோரப் புளி, குளத்தங்கரை ஆல், கோயில் அரசு என்று பொது இடத்து மரங்களும் வேரோடு போயின. தென்னைக்காவது நிவாரணம் என்று ஒன்று வந்தது. பொது மரத்துக்குக் கேட்க ஆள் இல்லை.

2019-ல் கைஃபா என்ற விவசாயிகள் அமைப்பினர் பேராவூரணி பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். அதைப் பார்த்த தெம்பில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் ஊர்க்குளத்தை வெட்டி, கரையில் புங்கை, நாவல், இலுப்பை, மருது வைத்தார்கள். நட்ட அன்றைக்கு ஊரே திரண்டு நின்றது.

அந்தக் கன்றுகள் பார்த்த முதல் கோடையிலேயே 2020 மார்ச் ஊரடங்கு வந்துவிட்டது. டீக்கடை மூடியாச்சு, கோயில் நடை சாத்தியாச்சு, ரேஷன் கடை வாசலில் வட்டம் போட்டு நிற்க வைத்தார்கள். தண்ணீர் டேங்கர் ஓட்டும் தம்பியைப் பாதி வழியில் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்னி நட்சத்திரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

வழி சொன்னது எங்கள் தெரு அப்பாயி ஒருவர். "வீட்டுக்கு ஒருத்தி குடத்தோட போனா என்னடா? ஒருத்தரை ஒருத்தர் தொட்டுக்கவா போறோம்?" என்றார். அவரவர் வீட்டுக்குப் பக்கத்துக் கன்று அவரவர் பொறுப்பு என்று போனிலேயே பேசி முடித்தோம். குடத்தில் ஊற்றிய தண்ணீர் வெயிலில் நிற்கவில்லை. அதனால் மண் கலயத்தின் அடியில் ஓட்டை போட்டு, பழைய வேட்டியைத் திரியாக முறுக்கிச் செருகி, வேருக்குப் பக்கத்தில் கழுத்து வரை புதைத்தோம். தண்ணீர் கசிந்து கசிந்து வேருக்குப் போகும். தினமும் ஊற்றத் தேவையில்லை. வாயை ஓட்டுத் துண்டால் மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

விதைப்பந்து வீசுங்கள் என்று அப்போது வாட்ஸ்அப்பில் ஓயாமல் வந்தது. எங்கள் கரையில் வீசியதில் ஒன்றுகூட நிலைத்து நான் பார்க்கவில்லை. ஆடு மேயும் இடத்தில் கருவேல முள் கட்டாத எதுவும் தேறாது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, சென்னையிலிருந்து திரும்பி வந்த ஒரு தம்பியைப் பற்றி. ஜூன் 19-ல் சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு போட்டார்கள். அதற்குச் சற்று முன்னால் ஊர் வந்து சேர்ந்தவர். தனிமை நாட்கள் முடிந்த பிறகும் அவர் வந்தால் ஜனங்கள் தெருவின் மறுபக்கம் போனார்கள். அவ்வளவு பயம். அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. விடியும் முன் கரைக்குப் போய், ஆள் இல்லாத வீடுகளுக்கு ஒதுக்கிய கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்.

அந்த வருஷம் எட்டு ஆண்டுக்குப் பிறகு முதல் முறையாக ஜூன் 12 அன்றே மேட்டூர் திறந்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வந்து ஆடியில் மண் ஈரமானதும், பட்ட கன்றுகளுக்குப் பதில் வைக்க வேண்டியிருந்தது. நர்சரிக்குப் போய்வர வழியில்லை. பூவரசுப் போத்து, அதாவது அப்படியே நட்டால் தழைக்கும் கிளைத்துண்டு, வெட்டலாம் என்றார் ஒரு பெரியவர். துண்டை மூக்கோடு கட்டிக்கொண்டு, மதகுக் கட்டையில் தள்ளி உட்கார்ந்தபடி அந்தத் தம்பிக்குச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். "மணிக்கட்டுத் தடிமன்ல ஆள் உயரத்துக்கு வெட்டு. அடியைச் சரிவா சீவு. பட்டை உரியக் கூடாது. தலைகீழா நட்டுப்புடாதய்யா! உச்சில சாணியை அப்பி துணி சுத்து, காயாம இருக்கும்." அந்தத் தம்பியிடம் ஊரில் ஒருவர் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். மறுநாள் இன்னும் நாலு பேர் போய் உட்கார்ந்தார்கள். டீக்கடையில் நடக்க வேண்டிய பேச்செல்லாம் கரைக்கு மாறியது.

2021 ஏப்ரல் 17-ல் நடிகர் விவேக் போனார். மரம் நடுவதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்ட மனுஷன். அன்று சாயங்காலம் பிள்ளைகள் அவர் பேரில் கன்று வைத்தார்கள். அடுத்த மாதம் இரண்டாம் அலை. சாவுக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது. சிங்கப்பூரில் இருந்த மகன்கள் வர முடியவில்லை. அப்படிச் சில குடும்பங்கள் இறந்தவர் பேரில் கன்று வைக்கக் கரையில் ஒரு இடம் கேட்டு வந்தார்கள். கொடுத்தோம்.

இப்போது அந்தப் பூவரசு நிழலில்தான் நூறு நாள் வேலைப் பெண்கள் மத்தியானச் சோறு சாப்பிடுகிறார்கள். யாராவது கன்று வைக்க இடம் கேட்டால், கோடையில் எந்த வீட்டிலிருந்து தண்ணீர் வரும் என்று முதலில் கேட்டுவிடுகிறோம். இலுப்பையைப் போத்தில் தழைக்க வைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்; எங்களுக்கு விதையில்தான் வருகிறது.