டிவிடி பூட்டும் 65-ஏ பிரிவும்: சட்டம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். எங்கள் ஊர் நூலகக் கணினிகளை டெபியன் என்ற கட்டற்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். எல்லாம் நன்றாக ஓடுகிறது, காசு கொடுத்து வாங்கிய டிவிடிகளைத் தவிர. நகலெடுப்பதைத் தடுக்க அவற்றில் போட்டிருக்கும் மறையாக்கப் பூட்டைத் திறக்கும் லிப்டிவிடிசிஎஸ்எஸ் (libdvdcss) என்ற நிரலை டெபியன் தன் தொகுப்பில் வைப்பதில்லை. மூல நிரலை இறக்கி நம் கணினியிலேயே இயங்கும் வடிவுக்கு மாற்றித் தரும் சிறு பொதி ஒன்றுதான் இருக்கிறது. அதை நிறுவும் முறையைத் தமிழில் எழுதி எல்லாருக்கும் கொடுக்க ஆசை.

தயக்கம் சட்டத்தால்தான். அமெரிக்காவின் 1998 டிஎம்சிஏ (DMCA) என்ற பதிப்புரிமைச் சட்டம், பூட்டைத் திறக்கும் கருவியைப் பரப்புவதையே தடுக்கிறது. 2020 அக்டோபரில் யூடியூப் காணொளிகளை இறக்கும் யூடியூப்-டிஎல் நிரலை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் முடக்கியது அதனால்தான். அடுத்த மாதம் திரும்ப வந்தது. நம் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65-ஏ பிரிவு அவ்வளவு கடுமையில்லை. உரிமையை மீறும் நோக்கம் இருந்தால்தான் குற்றம், 2 ஆண்டு வரை சிறை. ஆனால் பூட்டைத் திறக்க இன்னொருவருக்கு உதவுபவர், உதவி பெறுபவரின் பெயர், முகவரி எல்லாம் பதிந்து வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் திறமூல நிரலுக்கு இது எப்படிச் சாத்தியம்? கட்டற்ற மென்பொருளின் அடிப்படையிலேயே கை வைக்கிறது இது.

வழிகாட்டி எழுதுவதும் அந்த 'உதவி'யில் அடங்குமா? குழுவில் வழக்கறிஞர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். இந்தப் பிரிவில் தீர்ப்பு ஏதாவது படித்திருந்தாலும் பகிருங்கள்.